வாடை சாட்சி சொல்லுமா?
டெல்டாவின் குடிபோதை வழக்குகளும் சூழ்நிலைச் சாட்சியமும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருவர்மேல் வழக்குப் போட்டால், அரசுத் தரப்பு மூன்று விஷயங்களை மெய்ப்பிக்க வேண்டும். வண்டியை ஓட்டியவர் அவர்தான். ஓட்டிய நேரத்தில் அவர் உடலில் மது இருந்தது. அந்த மது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லி கிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. சாலையில் தடுப்பு வைத்து நிறுத்தி, கருவியில் ஊதச் சொல்லும்போது இந்த மூன்றும் ஒரே நிமிடத்தில் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. விபத்து நடந்து வெகுநேரம் கழித்துப் போலீஸ் வந்து சேரும் ஊரில் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அங்கே கையில் மிஞ்சுவது மது வாடை, தள்ளாட்டம், டாஸ்மாக் ரசீது, டீக்கடைக்காரர் பார்த்ததாகச் சொல்லும் ஒரு காட்சி. இவற்றைக் கோத்து ஒருவரைத் தண்டிக்கலாமா?

தஞ்சாவூரையும் அதைச் சுற்றியுள்ள காவிரிப் பாசன ஊர்களையும் வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. திருச்சி–தஞ்சை நான்கு வழிச் சாலையை விட்டு இறங்கினால், டெல்டாவின் போக்குவரத்தில் பெரும்பகுதி ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும்தான் நடக்கிறது. கேமராவும் தெருவிளக்கும் அங்கே அரிது. சூழ்நிலைச் சாட்சியத்தை நம்பியே வழக்கை நடத்த வேண்டிய நிலை நகரத்தைவிட இங்கே அதிகம்.

நடத்தையிலிருந்து எண்ணுக்கு

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் குடிபோதையை நடத்தையால் அளந்தது. வண்டியைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாத அளவுக்குப் போதையில் இருந்தாரா என்பதே அதன் 117ஆம் பிரிவின் கேள்வி. தள்ளாடியதைப் பார்த்தவர், குழறிய பேச்சைக் கேட்டவர், வாடையை முகர்ந்த மருத்துவர் ஆகியோர் இதற்குப் பதில் சொல்ல முடியும். 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் தன் 185ஆம் பிரிவில், ரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி 30 மில்லி கிராம் என்ற எல்லையை வைத்தது. அதை மூச்சுப் பரிசோதனைக் கருவியால் கண்டறிய வேண்டும் என்றும் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்துக்கொண்டது. முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 15,000 ரூபாய் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அபராதத்தைக் கூட்டித் தண்டனையை மாற்றியது.

எண் உள்ளே வந்த நாளிலிருந்து கண்ணால் கண்ட சாட்சியின் மதிப்பு இறங்கிவிட்டது. ஒருவர் தள்ளாடினார் என்று ஊரே சொல்லலாம். அவர் ரத்தத்தில் 28 இருந்ததா 32 இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே 185ஆம் பிரிவின் இன்னொரு பகுதியைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். கஞ்சா போன்ற போதைப்பொருளுக்குச் சட்டம் எண் எதையும் வைக்கவில்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத நிலை என்ற பழைய அளவுகோலே அங்கே தொடர்கிறது. ஆகவே அங்கே நடத்தைச் சாட்சியத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. சட்டம் எண் கேட்கும் இடத்தில் சூழ்நிலைச் சாட்சியம் திணறும், கேட்காத இடத்தில் நிற்கும். கீழே வரும் வழக்குகளையெல்லாம் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் புரிந்துகொள்ள முடிகிறது.

இரண்டு மணி நேரக் கெடு

சான்று திரட்டச் சட்டமே வழி வகுத்திருக்கிறது. 203ஆம் பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவலரோ மோட்டார் வாகனத் துறை அலுவலரோ சந்தேகத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் பொது இடத்தில் வண்டி ஓட்டுபவரை ஊதச் சொல்லலாம். விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருப்பவரையும் மருத்துவரின் இசைவோடு சோதிக்கலாம். 204ஆம் பிரிவு ரத்தம் எடுப்பது பற்றியது. 202ஆம் பிரிவு குடிபோதை வழக்கில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. தவறினால் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும்.

ஊத மறுத்தால், ரத்தம் தர மறுத்தால்? தக்க காரணம் காட்டாத மறுப்பை, அரசுத் தரப்பின் சான்றுக்கு வலுச்சேர்க்கும் ஒரு சூழ்நிலையாகக் கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு. வலுச்சேர்க்க வேண்டுமானால் முதலில் வேறொரு சான்று இருக்க வேண்டும். மறுப்பு தானாகவே 30 மில்லி கிராம் ஆகிவிடாது. ரத்தம் கொடுக்கச் சொல்வது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதாகும் என்ற வாதமும் எடுபடாது. கைரேகை, கையெழுத்து போன்ற உடல்சார் சான்றுகள் அரசியல் சட்டம் தடுக்கும் கட்டாயச் சாட்சியத்தில் அடங்கா என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே முடிவு சொல்லிவிட்டது.

ஆற்றங்கரையில் ஓர் இரவு

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். தை மாதம், சம்பா அறுவடை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல் இருந்துவிட்டு ஒருவர் இரவு 9.30 மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றுக் கரைச் சாலை. எதிரே சைக்கிளில் வந்த முதியவர்மேல் வண்டி மோதுகிறது. சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடிவந்தவர்கள் முதியவரை 108 ஆம்புலன்சில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மோதியவர் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். இரவு 11.30க்குக் காவலர்கள் அவரைத் திண்ணையில் வைத்துப் பிடிக்கிறார்கள். வாடை அடிக்கிறது. “மோதின பயத்துல வீட்டுக்கு வந்துதாங்க குடிச்சேன்” என்கிறார். நள்ளிரவு தாண்டி 1.30க்கு ரத்தம் எடுக்கப்படுகிறது.

அரசுத் தரப்பிடம் என்ன இருக்கிறது? மோதிய இடத்துக்குப் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், வண்டியின் பதிவுச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. மாலையில் டாஸ்மாக் கடையில் வாங்கிய ரசீது, அங்கே அவரைப் பார்த்ததாக ஒரு சாட்சி. விபத்து இடத்தை விட்டு ஓடியதும் ஒரு சூழ்நிலை. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்து காவல்துறைக்குத் தகவல் தர வேண்டிய கடமையை 134ஆம் பிரிவு ஓட்டுநர்மேல் சுமத்தியிருக்கிறது.

ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்தால் இடைவெளி தெரியும். ரசீது வாங்கியதைக் காட்டும், குடித்ததைக் காட்டாது. சாட்சி குடித்ததைக் காட்டலாம், எவ்வளவு என்று காட்ட மாட்டார். பதிவுச் சான்று வண்டி யாருடையது என்று சொல்லும், அன்றிரவு யார் ஓட்டினார் என்று சொல்லாது. “ரெண்டு குவார்ட்டர் அடிச்சேன் சார்” என்று காவலரிடம் சொன்னாலும் அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலிருந்து 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு வரை இந்தத் தடை மாறவில்லை.

வீட்டுக்கு வந்து குடித்தேன் என்ற வாதம் உலகெங்கும் கேட்டுப் பழகியது. பிரிட்டனில் அதற்குச் சட்டமே மருந்து வைத்திருக்கிறது: மாதிரியில் கண்ட அளவுக்குக் குறையாத மது ஓட்டிய நேரத்திலும் இருந்ததாகவே அங்கே நீதிமன்றம் கொள்ளும், பிறகுதான் குடித்தேன் என்பதை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஓர் அனுமானம் இல்லை. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவரே விளக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்ட விதியை இங்கே இழுக்கலாம். ஆனால் அரசுத் தரப்பு தன் அடிப்படைச் சுமையை இறக்கி வைக்க அந்த விதி வழியாகாது என்று 1956ஆம் ஆண்டு சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்துவிட்டது.

மருத்துவரின் தாள்

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சாய்வதோ நிற்பதோ மருத்துவமனையில் எழுதப்படும் தாளைப் பொறுத்தது. விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வக்கீல்கள் முதலில் கேட்பது அதனால்தான். குடிபோதைச் சான்றில் மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்வது வழக்கம்: மது அருந்தவில்லை; மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் போதையில் இல்லை; மது அருந்திப் போதையில் உள்ளார். நடுவிலுள்ள வாக்கியம் நடத்தையை அளந்த பழைய சட்டத்தின் எச்சம். 30 மில்லி கிராம் எல்லையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வாடைக்கும் அளவுக்கும் தொடர்பு மிகக் குறைவு. எத்தில் ஆல்கஹாலின் சொந்த மணம் மெல்லியது. மூக்கில் ஏறுவது பெரும்பாலும் மதுவிலுள்ள மற்றப் பொருள்களின் நெடி. தலையில் அடிபட்டவரும், ரத்தச் சர்க்கரை தாழ்ந்தவரும் குடித்தவரைப் போலவே குழறுவார்கள், தள்ளாடுவார்கள். விபத்தில் சிக்கியவரிடம் இந்தக் குறிகள் இருப்பது இயல்பு.

1971இல் பச்சுபாய் கரியானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மகாராஷ்டிரத்தில் நடந்த ஒரு கார் விபத்து. மூச்சில் வாடை, தடுமாறும் நடை, பொருந்தாத பேச்சு, விரிந்த கண்மணி என்று மருத்துவர் பட்டியலிட்டார். ரத்தம், சிறுநீர் ஆய்வு முடிவு எதுவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. விபத்தின் அதிர்ச்சியிலும் நடை தடுமாறலாம் என்று மருத்துவரே ஒப்புக்கொண்டார். இவற்றை மட்டும் வைத்து அவர் மது அருந்தினார் என்று முடிவு கட்ட முடியாது என்றது நீதிமன்றம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் குடிபோதை வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும் தீர்ப்பு இதுவே.

சங்கிலியின் கண்ணிகள்

சூழ்நிலைச் சாட்சியத்தின் பொதுவிதியை 1984ஆம் ஆண்டு சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு ஐந்து கோட்பாடுகளாக வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிறுவப்பட வேண்டும். குற்றத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடம் தரக்கூடாது. எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது கொலை வழக்கில் பிறந்த விதி. ஆனாலும் குடிபோதை வழக்கையும் கட்டுப்படுத்தும்.

நடிகர் சல்மான் கான் வழக்கு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 2002 செப்டம்பர் 28 அதிகாலை மும்பை பாந்த்ராவில் பேக்கரி முன் நடைபாதையில் உறங்கியவர்கள்மேல் கார் ஏறி ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர். ரத்த மாதிரியில் 62 மில்லி கிராம் என்று அறிக்கை வந்தது. 2015 மே மாதம் செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மது விடுதி ரசீதுகள் முறையாகக் கைப்பற்றப்படவில்லை. ரத்த மாதிரி கைமாறிய வழியில் ஐயம் இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் குடித்ததைக் குறிப்பிடாத காவலர் பின்னர் அதைச் சேர்த்துச் சொன்னார். அவர்தான் ஓட்டினார், குடித்திருந்தார் என்ற இரண்டுமே ஐயமறத் தெளிவாகவில்லை என்றது தீர்ப்பு. எண் கையில் இருந்தும், அந்த எண் நீதிமன்றம் வந்து சேர்ந்த வழி சரியில்லாததால் வழக்கு விழுந்தது.

கேரளத்தில் நடந்தது இதற்கு மறுபக்கம். 2019 ஆகஸ்ட் 3 அதிகாலை திருவனந்தபுரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி இதழாளர் கே.எம். பஷீர் இறந்தார். ரத்தம் எடுக்கப்பட்டது பல மணி நேரம் கழித்து. அதில் மது இல்லை. ஆனாலும் மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்த செஷன்ஸ் உத்தரவை 2023இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அது விசாரணைக்கு அனுப்பிய உத்தரவுதான். குற்றம் நிறுவப்பட்டதாக ஆகாது. என்றாலும் ஒன்று தெளிவாகிறது. மரணம் விளைவித்த குற்றத்துக்குச் சட்டம் மில்லி கிராம் கேட்பதில்லை. வேகம், நேரம், பிந்தைய நடத்தை என்று சூழ்நிலைகள் அங்கே பேசலாம்.

இறங்கும் எண்

கற்பனை வழக்குக்குத் திரும்புவோம். 9.30 வாக்கில் மோதல், 1.30க்கு ரத்தம், இடைவெளி ஏறக்குறைய 4 மணி நேரம். கல்லீரல் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு மணிக்குச் சராசரியாக 15 மில்லி கிராம் அளவில் மதுவைக் குறைக்கிறது. ஆளுக்கு ஆள் இது 10 முதல் 20 வரை, சிலரிடம் அதற்கு மேலும் போகும். சுவீடன் அறிஞர் எரிக் விட்மார்க் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கணக்குக்கு அடித்தளமிட்டார். மாதிரியில் 20 இருந்தால், மோதிய நேரத்தில் 60க்கும் 100க்கும் இடையே இருந்திருக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் அதற்கு முன் குடித்த மது முழுவதும் ரத்தத்தில் ஏறி முடிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் அவசரமாகக் குடித்தவர் உடலில் மது ஏறுமுகத்தில் இருக்கும். ஓட்டிய நேரத்தில் அளவு குறைவாகவும் பிறகு கூடுதலாகவும் இருக்கக்கூடும். வீட்டுக்கு வந்து குடித்தது உண்மையென்றால் கணக்கு முழுவதும் உடைந்துபோகும். நிபுணரை அழைத்துக் கேட்கலாம். அவர் சொல்வது கருத்து மட்டுமே.

மாதிரியைக் கையாள்வதிலும் வழுக்கும் இடங்கள் பல. ரத்தம் எடுக்குமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குப்பியில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் குப்பிக்குள்ளேயே மதுவை உண்டாக்கிவிடும், இருப்பதைக் குறைக்கவும் செய்யும். எடுத்த நேரம், முத்திரை, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு எல்லாம் வேண்டும். 1849இலேயே வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் தொடங்கிய சென்னை மாகாணத்தின் வாரிசு நாம். தஞ்சாவூரிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகமும் இருக்கிறது. ஆய்வகம் வரை குப்பி போய்ச் சேரும் பாதையில்தான் ஓட்டை விழுகிறது. 2024 மே மாதம் புனேயில் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி இருவர் இறந்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றி வைத்ததாக அரசு மருத்துவர்கள் கைதானார்கள்.

பணம் கேட்கும்போது வேறு கணக்கு

குற்றவியல் நீதிமன்றத்தில் தப்பினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் 2021 ஏப்ரல் 12ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். இஃப்கோ டோக்கியோ காப்பீட்டு நிறுவனத்துக்கும் பேர்ல் பெவரேஜஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே போர்ஷே கார் ஒன்று நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவரிடம் மது வாடை அடித்ததாக மருத்துவமனைக் குறிப்பு இருந்தது. மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. காப்பீட்டுத் தொகை தர முடியாது என்ற நிறுவனத்தின் முடிவை நீதிமன்றம் ஏற்றது. போதையில் ஓட்டியதற்கு விலக்கு வைத்த ஒப்பந்தம் 30 மில்லி கிராம் என்ற எண்ணைக் கேட்கவில்லை. வாடையும் விபத்து நடந்த விதமும் சேர்ந்து போதுமான சான்றாகின என்றது.

ஒரே வாடை ஓர் இடத்தில் தண்டிக்கப் போதாது, இன்னோர் இடத்தில் காப்பீட்டை இழக்கப் போதும். முதல் இடத்தில் ஐயமற நிரூபிக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் கடனில் வாங்கிக் காப்பீட்டை நம்பியிருக்கும் டெல்டா விவசாயிக்கு இந்த வேறுபாடு பணக் கணக்கில் பெரிது.

ஒத்துக்கொள்ளும் ஏழை

மேலே சொன்ன தீர்ப்புகளெல்லாம் வக்கீல் வைத்து வாதாடியவர்களுடையவை. மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் கேட்கும் அறிவுரை வேறு: “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு.” பல நாள் கூலியை இழந்து வாய்தாவுக்கு அலைவதைவிட அது மலிவாகத் தெரிகிறது. ஆனால் குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்கு மேல்முறையீட்டுக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே கேள்வி கேட்கலாம். ஓட்டுநர் உரிமம் இடைநீக்கமாகும். அடுத்த முறை பிடிபட்டால் இரண்டாம் குற்றத்துக்கான தண்டனை. அறுவடைக் காலத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் வெளியூர் ஓட்டுநருக்கு உரிமம் போனால் தொழிலே போயிற்று. சோதனைத் தாளில் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒத்துக்கொள்பவர், அரசுத் தரப்பு மெய்ப்பிக்க முடியாமல் போயிருக்கக்கூடிய ஒன்றைத் தன் வாயால் மெய்ப்பித்துக் கொடுக்கிறார்.

இதன் மறுபக்கத்தில் மோதுண்ட முதியவரின் குடும்பம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்குக் காட்டிய 1,68,491 சாலை மரணங்களில் குடிபோதையின் கணக்கில் வந்தவை சுமார் இரண்டரை விழுக்காடுதான். சோதிக்காத ரத்தம் கணக்கில் ஏறுவதில்லை என்பதை மறந்து இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொல்லி, வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்பின் மாநிலமெங்கும் பல கடைகள் ஊரின் உள்சாலைகளுக்கு இடம்பெயர்ந்தன. சோதனை எட்டாத சாலைகள் அவை.

ஆகவே முடிவு இது. சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து 30 மில்லி கிராமை நிறுவ முயல்வது சட்டத்துக்கும் அறிவியலுக்கும் பொருந்தாது. அப்படித் தண்டிக்கும் வழக்கம் பெருகினால் அடிபடுவது வாதாட வசதியற்றவர்கள்தான். அதே சமயம், தாமதத்தால் தப்பும் வழியை அடைப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் ஃபுளோரைடு குப்பியும் முத்திரையும் நேரம் குறிக்கும் படிவமும் இரவு முழுவதும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அளவு சரிபார்க்கப்பட்ட, அச்சுத் தாள் தரும் மூச்சுக் கருவி வேண்டும். விபத்து வழக்கு எதுவானாலும் ஓட்டியவரின் ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரும் ஒன்று செய்யலாம்: குடிக்கவில்லை என்றால் ரத்தம் எடுக்கச் சொல்லித் தாமே கேளுங்கள், கையெழுத்துப் போடும் முன் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேளுங்கள்.